நேர்ந்துவிட்ட கோழிக்கு வைத்தியம்

எங்கள் வீட்டுக் கோழி தூங்கி விழ ஆரம்பித்த அன்று, என் மனைவி முதலில் என் நெற்றியைத்தான் தொட்டுப் பார்த்தாள். கோழியை அப்புறம்தான் தொட்டாள். இதில் நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. அந்தக் கோழி என் பேரில் அம்மனுக்கு நேர்ந்துவிட்ட கோழி. நான் உயிரோடு இருக்க வேண்டும், பதிலுக்கு ஆடி மாதத்தில் கோழி அறுபட வேண்டும், இதுதான் என் மனைவி அம்மனோடு செய்துகொண்ட ஏற்பாடு. ஆடிக்கு இன்னும் நாள் இருக்கும்போதே கோழி தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் போலிருந்தது. அப்படிப் போய்விட்டால் ஏற்பாட்டில் என் பங்கு என்னவாகும் என்பதுதான் அவள் கவலை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மண்ணூர்பேட்டைப் பக்கம், வண்டிகளுக்கு உதிரி பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மற்றவர்கள் செய்துவைத்ததில் குறை கண்டுபிடித்துத் தள்ளிவிடுவதற்கு எனக்குச் சம்பளம். கீறல் இருந்தால் தள்ளு, பிசிர் இருந்தால் தள்ளு, சந்தேகம் இருந்தாலும் தள்ளு. இத்தனை வருஷம் இப்படியே தள்ளித் தள்ளி, பார்க்கிற எதிலும் குறை தெரிகிற கண் எனக்கு வந்துவிட்டது. என் வயிறு ஒன்றைத் தவிர.

போன வருஷம் எனக்கு வயிற்று வலி வந்தது. கள்ளிக்குப்பத்தில் எங்கள் தெருவில் வயிற்று வலி என்று வாயைத் திறந்தால் போதும், எதிர்வீட்டுக்காரரிலிருந்து தண்ணீர் கேன் போடுகிறவர் வரை எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கேஸ். நானும் கேஸ் என்று ஒத்துக்கொண்டேன். பெரும்பான்மை முடிவு. இஞ்சிச் சாறு குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், சோடாவில் எலுமிச்சை பிழிந்து குடித்தேன். டாக்டரிடம் போகலாம் என்று சொன்னவள் என் மனைவி மட்டும்தான். ஏப்பம் வந்தால் சரியாகிவிடும் என்று அவளுக்கு நான் விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, குடல்வால் உள்ளே வெடித்துவிட்டது. வயிற்றை மேலிருந்து கீழாகக் கிழித்துச் சுத்தம் செய்து தையல் போட்டார்கள். இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் என் மனைவியிடம் சொன்னாராம். டாக்டர்களே எதுவும் சொல்லாத இடத்தில் வேறு யாரிடமாவது பேசித்தானே ஆக வேண்டும். அவள் அம்மனிடம் பேசினாள்.

அவள் பிறந்தது திருவேற்காடு. பெரிய கோயில் இருக்கிற ஊர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுடைய அம்மன் பெரிய கோயில் அம்மன் அல்ல. அவள் பிறந்த வீட்டுத் தெருக்கோடியில், சுற்றிலும் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்ட பிறகும் அதே வேப்ப மரத்தடியில் இருக்கிற சின்ன அம்மன். அந்த அம்மனிடம் ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்தே அவள் சொன்ன வார்த்தை இது: "இவரத் திருப்பிக் குடு. எங்க ஊட்டுக் கோயிய ஆடிக்கு உனக்கு அறுக்கிறேன்."

வழக்கமாகச் சேவல்தான் நேர்ந்துகொள்வார்கள். பதற்றத்தில் கோழி என்று வந்துவிட்டது, சேவலாக மாற்றிக்கொள்ளலாம், தப்பில்லை என்று உறவுக்காரர்கள் பிற்பாடு எடுத்துச் சொன்னார்கள். அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"சொன்னது சொன்னதுதான். கோயின்னு சொல்லிட்டுச் சேவல் குடுக்கறதா? ஆத்தா இவருக்குப் பதிலா வேற ஒரு ஆள அனுப்பியிருந்தா நா வாங்கிக்கினு வந்திருப்பனா?"

உறவுக்காரர்கள் செருப்பைத் தேடிக் கிளம்பினார்கள்.

அந்தக் கோழியும் சாமானியக் கோழி அல்ல. ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் இருந்த என் சகலை, ஓய்வுபெற்று ஊருக்குப் போகும்போது எங்களிடம் விட்டுவிட்டுப் போனது. நல்ல செம்பழுப்பு நிறம். குவார்ட்டர்ஸில் வளர்ந்ததாலோ என்னவோ, ஒரு காவல் புத்தி அதற்கு உண்டு. பின்பக்கம் மோட்டார் அறைக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவே இருக்கிற இத்தனூண்டு இடத்தை அது தன் ஆளுகையில் வைத்திருந்தது. பார்சல் கொண்டுவருகிற பையன்களைக் கணுக்காலில் கொத்தி அனுப்பும். என் ஸ்கூட்டர் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நான் வேலைக்குக் கிளம்பும்போது இறங்க மறுக்கும். அதனோடு எனக்கு அப்போது எந்த ஒட்டுதலும் கிடையாது. முட்டை மட்டும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய அன்று, என் மனைவி மஞ்சளில் நனைத்த நூலை என் மணிக்கட்டில் கட்டினாள். அதே நூல்கண்டிலிருந்து இன்னொரு துண்டை வெட்டிக் கோழியின் காலில் கட்டினாள். காலில் மஞ்சள் நூல் இருந்தால் அது சாமிக்கு விட்டது, விருந்தாளி வந்தாலும் அதன்மேல் கை வைக்கக் கூடாது என்று அர்த்தம். என் கையில் கட்டியதற்கும் ஏறக்குறைய அதே அர்த்தம்தான் என்று நினைக்கிறேன்.

என் கைநூல் கட்டியபடியே இருந்தது. கோழியின் கால்நூல்தான் நிற்கவில்லை. கொஞ்ச நாள் போனால் கால் வெறுமையாக இருக்கும். எங்கேயாவது சிக்கி அறுந்திருக்கும் என்று அவள் புதிதாக ஒன்று கட்டுவாள். அதுவும் போகும். அடுத்தது இன்னும் கொஞ்சம் தடிமனாக, கூடுதல் முடிச்சோடு கட்டுவாள். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவதற்கு முன் என் கையையும் கோழியின் காலையும் பார்ப்பது அவளுக்கு வழக்கமாகிவிட்டது. என் கையைப் பார்த்துத் திருப்திப்படுவாள். கோழியின் காலைப் பார்த்து நூல்கண்டை எடுக்கப் போவாள்.

இந்த நிலையில்தான் கோழி சுணங்கியது. துணி துவைக்கிற கல்லுக்கு அடியில் போய் இறகைச் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. கண் பாதி மூடியிருந்தது, கொண்டை வெளுத்திருந்தது. பார்சல் பையன் பக்கத்தில் வந்து நின்றபோதுகூட எழுந்திருக்கவில்லை. அவனே பயந்துபோய், "அக்கா, உங்க கோழிக்கு என்னமோ ஆயிடுச்சு," என்று சொல்லிவிட்டுப் போனான். தூக்கிப் பார்த்தால் கனமே இல்லை. நெஞ்செலும்பு கையில் குத்தியது. ஆனால் கழுத்துக்குக் கீழே தீனிப்பை மட்டும் உப்பலாக, கெட்டியாக இருந்தது. நாங்கள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்லவேளை வயிறு நிறையச் சாப்பிட்டிருக்கிறது என்று நிம்மதிப்பட்டோம். கால் மறுபடி வெறுமையாக இருந்ததால் அவள் புது நூல் ஒன்றையும் கட்டிவிட்டாள்.

அவளுடைய முதல் முடிவு, கண் பட்டுவிட்டது என்பது. உப்பும் மிளகாயும் எடுத்து என்னை உட்காரவைத்து மூன்று சுற்று சுற்றினாள், அதே கையால் கோழியையும் சுற்றி அடுப்பில் போட்டாள். மிளகாய் நெடியில் நான் இருமினேன். கோழி இருமவில்லை. ஆகவே திருஷ்டி எனக்குத்தான் அதிகம் என்று முடிவாயிற்று.

மாடியில் வாடகைக்கு இருப்பவர் கோயமுத்தூர்ப் பக்கத்துப் பையன், மென்பொருள் கம்பெனி, பெரும்பாலும் வீட்டிலிருந்தே வேலை. மேலிருந்தபடியே கோழியைக் கவனித்துவிட்டு லேப்டாப்போடு இறங்கி வந்தார். கோழியைப் படம் எடுத்தார், அதன் எச்சத்தையும் படம் எடுத்தார். கைப்பேசியில் எதையோ கேட்டார். அது குடற்புழுவில் தொடங்கிப் புற்றுநோய் வரை வரிசையாகச் சொல்லிவிட்டு, மருத்துவரை அணுகவும் என்று முடித்துக்கொண்டது.

"சார், நான் என்ன நினைக்கிறேன்னா, இது ஸ்ட்ரெஸ்ஸுங்க," என்றார். "தனியா இருக்குதுங்க பாருங்க. பேச்சுத் துணையில்லை. வெளிய போறதில்லை. நாள் முழுக்க ஒரே இடத்துல உட்கார்ந்தே இருக்குதுங்க."

அவர் யாரைச் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. ஆனாலும் மனிதர் நல்லவர். 'கோழி ஹெல்த்' என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து எங்கள் இரண்டு பேரையும் அதில் சேர்த்தார். தன் பழைய கைப்பேசியைத் துவைக்கிற கல்லின் மேல் சாய்த்துவைத்துக் கோழியைப் படம்பிடித்துக் குழுவில் போட்டுக்கொண்டிருந்தார். நான் வேலையில் மும்முரமாக இருக்கும்போது கைப்பேசி அதிரும். எடுத்துப் பார்த்தால் கோழி உட்கார்ந்திருக்கும். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து அதிரும். அப்போதும் உட்கார்ந்திருக்கும். ஒரு தடவை, தலையைக் குனிந்து தன் காலையே கொத்திக்கொண்டிருந்தது. பாவம், கொசு கடிக்கிறது போல என்று குழுவில் எழுதினேன்.

தெருமுனையில் கறிக்கோழிக் கடை வைத்திருப்பவரிடமும் கேட்டேன். தினமும் அத்தனை கோழிகளைக் கையாளுகிறவருக்குத் தெரியாததா என்று நினைத்துவிட்டேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

"இன்னா அண்ணாத்தே, மூக்கு ஒயிகுதா?"

"இல்லை."

"அப்ப உள்சளி. வெளிய தெரியாது. ஒரு மூடி பிராந்தி ஊத்து, எந்திரிச்சி ஓடும். இல்லாங்காட்டி இட்டாந்துரு, இப்பவே போட்டுத் தரேன். நீ வச்சிக்கினு கீற நேரத்துல அது எளச்சிக்கினே போவும்."

உயிரோடு இருக்கும் கோழியின் உடம்புக்கு என்ன வரும் என்று அவருக்குத் தெரியவேண்டிய அவசியமே இருந்ததில்லை என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது. அவர் கைக்கு வருகிற கோழிகளுக்கெல்லாம் ஒரே முடிவுதான்.

கடைசியில் நானே இறங்கினேன். எங்கள் கம்பெனியில் ஒரு பாகம் பழுதானால், ஏன் என்று அடுத்தடுத்து ஐந்து தடவை கேட்கவேண்டும். ஐந்தாவது பதிலில் மூலகாரணம் கிடைத்துவிடும் என்பது நம்பிக்கை. கோழியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். ஏன் சாப்பிடவில்லை? பசியில்லை. ஏன் பசியில்லை? தீனிப்பை நிறைந்திருக்கிறது. ஏன் நிறைந்திருக்கிறது? அளவுக்கு மேல் தின்றிருக்கிறது. ஏன் தின்றது? அளவுக்கு மேல் போடப்பட்டது. ஏன் போடப்பட்டது? கோயிலுக்குப் போகிற கோழி கொழுகொழுவென்று இருக்கவேண்டும் என்று என் மனைவி ஆசைப்பட்டாள். ஆக மூலகாரணம் என் மனைவி. கம்பெனியிலும் ஐந்தாவது ஏனில் யாராவது ஒரு ஆள்தான் மாட்டுவார். இந்தக் கண்டுபிடிப்பை அவளிடம் தெரிவித்தேன். அன்று சாயங்காலம் எனக்குக் காபி வரவில்லை.

வைத்தியம் மட்டும் நிற்கவில்லை. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள் எல்லாம் அரைத்து உருட்டி அதன் வாயில் போட்டாள். கோழிக்குச் செய்ததெல்லாம் எனக்கும் ஒரு பங்கு வந்தது. அதற்கு மிளகு உருண்டை என்றால் எனக்கு மிளகு ரசம். அதற்கு வெந்நீர் என்றால் எனக்கும் வெந்நீர். கோழி ஒருநாள் முழுக்க எழுந்திருக்காதபோது, என்னையும் லீவு போட்டுவிட்டுப் படுக்கச் சொன்னாள். எனக்கு ஒன்றுமில்லை என்றேன்.

"போன வாட்டியும் அதத்தான் சொன்னீங்க," என்றாள்.

உருண்டையை அவள் ஊட்டும்போது கோழியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருப்பேன். அதன் நெஞ்சு என் உள்ளங்கையில் படபடவென்று அடித்துக்கொள்ளும். முரண்டு பிடிக்கத் தெம்பில்லாமல் தலையை என் மணிக்கட்டின் மேல் சாய்த்துக்கொள்ளும். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தும் தெளியாமலும் நான் கிடந்தபோது, யாரோ என் கையைப் பிடித்திருந்தது மட்டும் தெரிந்தது. யார் என்று தெரியவில்லை, விடக்கூடாது என்று மட்டும் இருந்தது. கோழிக்கும் இப்போது அப்படித்தான் இருக்குமோ என்று தோன்றிய அன்றைக்கு நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு அதன்மேல் பாசம் வந்துவிட்டது.

வந்ததை வெளியில் சொல்ல முடியவில்லை. பிழைத்தால் அதை அறுப்பார்கள். அறுக்கவேண்டாம் என்று நான் சொன்னால், என் உயிர் எனக்கு வேண்டாம் என்று சொன்னதாகத்தான் என் மனைவி எடுத்துக்கொள்வாள். பிழைக்காமல் போனால் அவள் இனி ஒருநாளும் நிம்மதியாகத் தூங்கமாட்டாள், ஒவ்வொரு ஏப்பத்துக்கும் என் முகத்தைப் பார்ப்பாள். அது பிழைக்கவும் வேண்டும், பிழைத்ததும் அறுபடவும் கூடாது. இதை எந்தச் சாமியிடம் கேட்பது, பதிலுக்கு எதை நேர்ந்துகொள்வது என்று எனக்குப் புரியவில்லை.

அரசாங்கக் கால்நடை மருந்தகத்துக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். இந்தத் தடவை நான் கேஸ் என்று சொல்லவில்லை. கோழியைக் கட்டைப்பையில் வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு, பூந்தமல்லிப் பக்கம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினோம். பக்கத்தில் இருந்தவர் கோழியைப் பார்த்துவிட்டு, குழம்பா வறுவலா என்று விசாரித்தார். டாக்டரிடம் போகிறோம் என்றதும் இறங்கும்வரை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

மருந்தகத்தில் எங்களுக்கு முன்னால் ஒரு பெரிய நாயும், ஒரு ஆடும், பஞ்சுபோல ஒரு பூனையும் காத்திருந்தன. பூனையின் சொந்தக்காரம்மா எங்கள் பையை எட்டிப் பார்த்தார்.

"இது என்ன ப்ரீடுங்க?"

"ஊட்டுக் கோயிங்க," என்றாள் என் மனைவி.

டாக்டர் இளம்பெண். கோழியை மேசையில் நிறுத்தி, வாயைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கழுத்தடியில் விரலை வைத்ததும் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

"எத்தனை நாளா இங்க இப்படிக் கெட்டியா இருக்கு?"

"வயிறு நிறையச் சாப்பிட்டிருக்குன்னு நினைச்சோம்," என்றேன்.

"சாப்பிட்டது எதுவும் வயித்துக்கே போகல சார். தீனிப்பையிலயே அடைச்சுக்கிட்டு நிக்குது. இது பட்டினியா கிடக்கு."

பட்டினி என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி அழுதுவிட்டாள். தன் வீட்டில் ஓர் உயிர் பட்டினி கிடந்தது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. அதே உயிரை ஆடியில் அறுக்கப்போகிறோம் என்பது அப்போது அவள் நினைவில் இல்லை. எனக்கு இருந்தது.

எண்ணெய் விட்டு நீவிப் பார்த்தும் அடைப்பு அசையவில்லை. ஊசி போட்டு மரத்துப்போகச் செய்துவிட்டு, தீனிப்பையைத் திறந்து அடைப்பை எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றார் டாக்டர். கழுத்திறகுகளைப் பிடுங்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"எதுக்கு வளக்குறீங்கம்மா, முட்டைக்கா?"

"கோயிலுக்கு."

"கோயில்ல கொண்டுபோய் விடுறதுக்கா?"

"அறுக்கறதுக்கு."

டாக்டரின் கை நின்றது. "அறுக்கறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை அறுத்து, தச்சு அனுப்பணும். அதானே?"

"ஆமா டாக்டரம்மா. நல்லா தச்சுடுங்க," என்றாள் என் மனைவி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நான்தான் பிடித்துக்கொண்டேன். டாக்டர் சின்னதாகக் கீறி, இடுக்கியை உள்ளே விட்டு இழுத்தார். புல் வந்தது, முருங்கைக் காம்பு வந்தது. அதற்கப்புறம் ஒரு நூல் வந்தது. இழுக்க இழுக்க இன்னொரு நூலையும் பிடித்துக்கொண்டு வந்தது, அது இன்னொன்றை. எல்லாம் ஒன்றோடொன்று பின்னி, புல்லையும் தானியத்தையும் சுருட்டிக்கொண்டு ஒரு பந்தாகத் தட்டில் விழுந்தது. எச்சில் கறை ஏறியிருந்தாலும் மஞ்சள் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு இருந்தது. சில நூல்களில் கூடுதல் முடிச்சும் இருந்தது.

"யாரு இவ்வளவு நூல் போட்டது?" என்று டாக்டர் கேட்டார். கேட்டபடியே கோழியைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். மணிக்கட்டில் அதே மஞ்சள், அதே முடிச்சு. என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நூல் எங்கேயும் சிக்கி அறுந்து விழவில்லை. ஒவ்வொன்றையும் கோழியே கொத்தி அறுத்துத் தின்றிருக்கிறது. அவள் கட்டக் கட்டத் தின்றிருக்கிறது. சாமிக்கு விட்ட கோழிக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று கட்டிய நூல்தான் அதன் தீனிப்பையை அடைத்திருக்கிறது. நான் கொசுக்கடி என்று குழுவில் எழுதியதும் இந்த லட்சணத்தில்தான். என் ஐந்தாவது ஏன் கடைசியில் சரியான ஆளைத்தான் காட்டியிருந்தது. அதை அங்கே சொல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது, என் மண வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று.

தையல் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, அவள் அதன் காலில் நூல் கட்டவில்லை. நூல்கண்டை அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டாள். குழைந்த சோற்றில் தயிர் ஊற்றி விரலால் மசித்துக் கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் எனக்கும் அதே சோறுதான், இதே கிண்ணத்தில்தான். கோழி முதல் வாய் தின்று, கழுத்தை ஆட்டி, விழுங்கியது. உள்ளே இறங்கிவிட்டதா என்று இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம், கம்பெனியில் ஒரு பாகம்கூடத் தள்ளாமல் முழு லாட்டும் தேறிய நாளில்கூட வந்ததில்லை.

கொஞ்ச நாளில் கொண்டை சிவந்தது. பார்சல் பையன் மறுபடி கொத்து வாங்கினான். வாங்கிவிட்டு, "அக்கா, சரியாயிடுச்சு," என்று சிரித்தான். மாடிக்காரர் குழுவில், பிரச்சினை தீர்ந்தது, ஸ்ட்ரெஸ் குறைந்திருக்கிறது என்று எழுதிக் குழுவை மூடினார். கறிக்கடைக்காரர், "பாத்தியா அண்ணாத்தே, பிராந்தி வேல செஞ்சிகீது," என்றார். நாங்கள் பிராந்தியே ஊற்றவில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணடித்துவிட்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிக்கப் போனார்.

கழுத்திறகு வளர்ந்து தழும்பை மூடியது. ஆடியும் வந்தது.

ஆடி நெருங்க நெருங்க என் மனைவிக்குப் பேச்சு குறைந்தது. கோழிக்குத் தீனி வைத்துவிட்டு உள்ளே வராமல் அங்கேயே உட்கார்ந்திருப்பாள். நான் ஒருமுறை, "சேவலா மாத்திக்கலாம்னு அன்னிக்குச் சொன்னாங்களே," என்று ஆரம்பித்தேன். அவள் என் வயிற்றைப் பார்த்தாள். நான் அதோடு நிறுத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குப் போனோம். தெருவில் கூழ்ப் பானைகள் கொதித்துக்கொண்டிருந்தன. தூக்குச் சட்டியோடு கூட்டம் வரிசையில் நின்றது. ஒலிபெருக்கி அம்மனுக்கே காது வலிக்கிற அளவுக்குப் பாடிக்கொண்டிருந்தது. வழக்கப்படி வேண்டுதல் கோழிக்கு நூல் இருக்கவேண்டும் என்பதால், கோயில் வாசலில் வைத்துத்தான் அதன் காலில் ஒன்று கட்டினாள். கட்டிவிட்டு, அது குனிந்து கொத்தாதபடி கழுத்தைக் கையால் பிடித்துக்கொண்டாள். அறுக்கிறவர் வேப்ப மரத்தடியில் தயாராக இருந்தார். நான் அவர் கையைப் பார்க்காமல் கூழ்ப் பானைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பூசாரி அவளுக்குச் சித்தப்பா முறை. வேப்பிலையால் மஞ்சள் தண்ணீரை அள்ளிக் கோழியின் தலையில் ஊற்றினார். கோழி உடம்பைச் சிலிர்த்தால் அம்மன் ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம். ஊற்றினார், கோழி அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஊற்றினார். இறகெல்லாம் நனைந்து கழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தழும்பு வெளியே தெரிந்தது.

"இன்னா பொண்ணு இது, தையல் போட்டுக்கினு வந்துகீது?"

"ஒடம்பு சரியில்லாம போச்சு சித்தப்பா. ஆபரேஷன் பண்ணோம்."

"கோயிக்கா?"

"கோயிக்குத்தான்."

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "ஒரு தபா கத்தி பட்டது ஆத்தாளுக்கு ஆவாதும்மா. கொறை இல்லாததாத்தான் குடுக்கணும். இத்த எடுத்துக்கினு போ. வேற ஒண்ணு வாங்கியா, நா நிக்கிறேன்."

இத்தனை வருஷம் நான் தள்ளிய பாகங்களின் மேல் இதே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறேன். முதல் தடவையாக, தள்ளுகிறவனை எழுந்து நின்று கும்பிடலாம் போல இருந்தது. ஆனால் பக்கத்தில் என் மனைவியின் முகம் வெளுத்திருந்தது. அம்மன் வாங்கிக்கொள்ளாவிட்டால் ஏற்பாடு என்னவாகும் என்ற பயம் அது. அவள் கோழியைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். அப்புறம், கூழ் வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் நடுவில், என் சட்டையையும் பனியனையும் சேர்த்துப் பிடித்து மேலே தூக்கினாள்.

"கத்தி பட்டது ஆத்தாளுக்கு ஆவாதுன்னா, இவரு? இங்கேர்ந்து இதுவரிக்கும் தையல் கீது பாருங்க. கொறை இல்லாமத்தான் திருப்பிக் குடுத்தாளா? தச்சுத்தான குடுத்தா? நா வாங்கிக்கல?"

கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவர் கரண்டியோடு நின்றுவிட்டார். நான் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன், வேறு என்ன செய்ய.

"அது வேற, இது வேறம்மா," என்றார் பூசாரி, குரல் இறங்கி.

"வேணாம்னு சொல்றது நீங்களா, ஆத்தாளா?"

"ஆத்தா சார்பாத்தான் நா சொல்றேன்."

"அப்பச் சரி. நா சொன்ன கோயிய, சொன்ன மாசத்துல, அவ வாசல்ல கொண்டாந்து நிறுத்திட்டேன். வேணாம்னுட்டா. வேற கோயி நா நேந்துக்கல. கணக்கு தீந்துபோச்சு."

பூசாரி என் தழும்பை மறுபடி பார்த்தார். பிறகு கோழியின் நெற்றியில் குங்குமம் வைத்தார். என் நெற்றியிலும் வைத்தார். என் சட்டையை அவள் இன்னும் விடவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் ஈரக் கோழியை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் கழுத்தைத் துவட்டிக்கொண்டே வந்தாள். துவட்டத் துவட்ட அழுதாள். கேட்டதற்கு, புகை கண்ணில் பட்டுவிட்டது என்றாள். ஆட்டோவில் புகை ஒன்றும் இல்லை. அந்தக் கோழியை அறுக்க அவளுக்கும் மனசில்லாமல் இருந்திருக்கிறது. எனக்காக அதை மனசுக்குள் போட்டு அழுத்திக்கொண்டு இத்தனை நாள் தயிர்ச்சோறு மசித்திருக்கிறாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கோழி என் விரலைக் கொத்தியது.

வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். கோழியைத் துவைக்கிற கல்லின் மேல் நிறுத்தி, கால்நூலை வெட்டினாள். வெட்டிய துண்டைக் கீழே விடாமல் முந்தானையில் முடிந்துகொண்டாள். நான் என் மணிக்கட்டை அவள் முன்னால் நீட்டினேன். நிறம் போய், நைந்து, வேர்வை நாற்றம் அடிக்கிற நூல்.

"கணக்கு தீந்துபோச்சுன்னு சொன்னியே. இதையும் வெட்டிடு."

அவள் என் கையைப் பிடித்து, முடிச்சைத் திருப்பிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இறுக்கினாள்.

"அது கெடக்கட்டும். நீங்க அதத் தின்ன மாட்டீங்க."